நட்டம் யார் தலையில்?

கோலாலம்பூரில் ஒருவருக்கு 50,000 ரிங்கிட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி கொடுக்க மனமில்லாமல் இஸ்லாமிய வங்கிக்குப் போகிறார். வங்கி ஒரு தரகரிடமிருந்து 50,000 ரிங்கிட்டுக்குக் கச்சாப் பாமாயில் வாங்குகிறது. அதையே அவருக்கு 65,000 ரிங்கிட் விலைக்கு, ஐந்தாண்டுத் தவணையில் விற்கிறது. பாமாயிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆகவே அவருடைய முகவராக வங்கியே நின்று, அந்த எண்ணெயை வேறொரு தரகருக்கு 50,000 ரிங்கிட் ரொக்கத்துக்கு விற்று, பணத்தை அவர் கணக்கில் வரவு வைக்கிறது. கணினித் திரையில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எண்ணெய் இருந்த தொட்டியிலேயே இருக்கும்; வாடிக்கையாளர் அதன் நிறத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் இப்போது 65,000 ரிங்கிட்டுக்குக் கடனாளி. இந்த ஏற்பாட்டுக்குத் தவர்ருக் என்று பெயர். இத்தகைய கொள்முதலுக்காகவே மலேசியப் பங்குச்சந்தை 2009-இல் 'புர்சா சூக் அல்-ஸிலா' என்ற தனித் தளத்தைத் தொடங்கியது.

இஸ்லாமிய வங்கியியலையும் நிதியியலையும் முதுநிலையில் படிக்க வருகிற எவரும் இந்தப் பாமாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2005-இல் இந்தத் துறைக்கென்றே இன்சீஃப் என்ற முதுநிலைக் கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தியது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இதில் ஆய்வுப் பட்டங்கள் வழங்கிவருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டம் படித்த ஆலிமும் கணக்கியல் படித்த பட்டதாரியும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒருவருக்கு நிதிக் கணக்கு புதிது, மற்றவருக்கு அரபு நூல்கள் புதிது. எந்த ஒப்பந்தம் முதலில் கையெழுத்தாக வேண்டும், எது பின்னால் வர வேண்டும், இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஏன் செல்லாது என்பதை இருவரும் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். இந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேலே சொன்ன பாமாயில் வியாபாரம் வட்டியிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது என்ற கேள்விக்கு, 'ஷரீஆ குழு அனுமதித்திருக்கிறது' என்பதற்கு மேல் பதில் சொல்லத் தெரியாமல் ஒருவர் முதுநிலைப் பட்டம் பெற்றுவிட முடியுமானால், அந்தப் படிப்பு மார்க்கத்துக்கும் நியாயம் செய்யவில்லை, அறிவுக்கும் நியாயம் செய்யவில்லை. அந்தப் பதில் மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பாடத்திட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் இந்தத் துறை எதை நம்பி எழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963-இல் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, அதே ஆண்டில் ஹஜ் பயணச் சேமிப்புக்காக மலேசியாவில் உருவான அமைப்பு, 1975-இல் ஜித்தாவின் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் துபாய் இஸ்லாமிய வங்கியும், 1976-இல் மக்காவில் நடந்த முதல் இஸ்லாமியப் பொருளியல் மாநாடு. அந்தத் தலைமுறையின் அறிஞர்கள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் முளாரபா, முஷாரகா பற்றித்தான். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது முளாரபா. பண நட்டம் முதல் போட்டவருடையது. இருவரும் முதல் போட்டு, லாபத்தைப் பேசியபடியும் நட்டத்தை முதலுக்கு ஏற்பவும் பகிர்வது முஷாரகா. வங்கி என்பது கடன் கொடுக்கும் இடமாக இல்லாமல் தொழிலில் பங்காளியாக நிற்கும் இடமாக மாறும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நடைமுறையில் முன்னுக்கு வந்ததோ விற்பனை வடிவில் அமைந்த முராபஹாவும் அதன் கிளைகளும். ஒரு பொருளை வாங்கிக் குறிப்பிட்ட லாபம் வைத்துத் தவணைக்கு விற்பதில் தவறு எதுவும் இல்லை. வணிகத்தை இறைவன் அனுமதித்திருக்கிறான், ரிபாவை, அதாவது வட்டியைத் தடுத்திருக்கிறான் என்பது குர்ஆனின் தெளிவான நிலை. வணிகமும் ரிபாவைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களை அதே வசனம் கண்டிக்கவும் செய்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? காகிதத்தில் பார்த்தால் தவணை விற்பனைக்கும் வட்டிக் கடனுக்கும் எண்கள் ஒன்றாகவே இருக்கலாம்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததல்ல. ஒருவர் ஒரு பொருளைக் கடனுக்கு 120 திர்ஹத்துக்கு விற்று, அதையே உடனே 100 திர்ஹம் ரொக்கத்துக்குத் திரும்ப வாங்கினால் அது ஈனா. பொருள் விற்றவரிடமே திரும்பிவிட்டது. மிஞ்சியது 100 வாங்கி 120 கொடுக்க வேண்டிய கடன். மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் இதைத் தடுத்தார்கள். இமாம் ஷாஃபி ஒவ்வொரு விற்பனையையும் அதன் வெளித்தோற்றத்தை வைத்தே எடைபோட்டார். உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது இறைவனுக்குத்தான் தெரியும், நீதிபதி கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது அவருடைய அடிப்படை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் பெருவாரியாகப் பின்பற்றப்படுவது அவருடைய மத்ஹப் என்பதால், இந்த வாதத்தை நம் வாசகர்கள் எளிதாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. மறுபக்கம் இப்னு தைமிய்யா மூன்றாம் ஆளுக்கு விற்கும் தவர்ருக்கைக்கூட ஏற்கவில்லை. இதுபற்றி அவரிடம் பலமுறை கேட்கப்பட்டும் அவர் இசையவில்லை என்று அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம் பதிவுசெய்திருக்கிறார். ரிபா எதற்காகத் தடுக்கப்பட்டதோ அது இதிலும் அப்படியே இருக்கிறது, கூடவே வாங்கி விற்கும் செலவும் கடன்பட்டவர் தலையில் விழுகிறது என்பது அவர் வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு தொகுத்த சட்டநூலான மஜல்லா, தன் மூன்றாவது விதியிலேயே, ஒப்பந்தங்களில் சொல்லுக்கும் அமைப்புக்கும் மேலாக நோக்கத்துக்கும் பொருளுக்கும் இடம் தருகிறது.

வடிவமா, நோக்கமா என்று இதை இரண்டாகப் பிரித்துவிட்டால் விவாதம் முட்டுச்சந்தில் நின்றுவிடும். வடிவம் போதும் என்றால் எதையும் வடிவத்துக்குள் அடைத்துவிடலாம். நோக்கம்தான் என்றால் மனத்துக்குள் புகுந்து பார்ப்பது யார்? ஆனால் மரபில் மூன்றாவதாக ஓர் அளவுகோல் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவது, நீதிமன்றத்தில் நிரூபிக்கக்கூடியது, அதே சமயம் வெறும் சடங்காகவும் இல்லாதது. நபிகளிடம் (ஸல்) வந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்: ஒருவர் ஓர் அடிமையை விலைக்கு வாங்கி, அவன் உழைப்பால் வந்த வருவாயையும் பெற்ற பின், குறை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறார். இடைக்கால வருவாய் தனக்குச் சேர வேண்டும் என்று விற்றவர் கேட்கிறார். வருவாய் பொறுப்போடு சேர்ந்தது என்று நபிகள் (ஸல்) தீர்த்தார்கள். அந்த இடைக்காலத்தில் அடிமை இறந்திருந்தால் நட்டம் வாங்கியவருக்குத்தானே, ஆகவே வருவாயும் அவருக்கே. தன் பொறுப்பில் இல்லாத பொருளிலிருந்து லாபம் எடுப்பதைத் தடுக்கும் ஹதீஸும் இதோடு இணைந்தது. ஃபிக்ஹில் இதற்கு ளமான் என்று பெயர்: பொருள் அழிந்தால், கெட்டால், விலை சரிந்தால் யார் தலையில் விழும் என்கிற பொறுப்பு. லாபத்தை நியாயமாக்குவது இந்தப் பொறுப்புதான். வட்டியில் குற்றம் எங்கே இருக்கிறது என்றால், கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை முழுசாக வைத்துக்கொண்டு, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த தொழிலின் எந்த நட்டத்துக்கும் பொறுப்பேற்காமல், ஆதாயத்தை மட்டும் உறுதிசெய்துகொள்வதில் இருக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ஒப்பந்தங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. வங்கி ஒரு காரை உண்மையாகவே வாங்கித் தன் பெயரில் வைத்திருந்து, வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும்வரை அதற்கு நேரும் சேதத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, பிறகு லாபம் வைத்து விற்றால் அது வணிகம். வரும் வழியில் லாரி கவிழ்ந்தால் வங்கிக்கு நட்டம். பாமாயில் ஏற்பாட்டில் வங்கியின் உடைமையோ வாடிக்கையாளரின் உடைமையோ சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அந்த நிமிடங்களிலும் மறுவிற்பனை ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் யாருக்கும் எதுவும் இல்லை. எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. 2009-இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, இப்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட தவர்ருக்கைக் கூடாது என்று தீர்மானித்தது. மக்காவின் ஃபிக்ஹு அகாடமி 1998-இல் ஒருவர் தானாகவே கடைவீதியில் வாங்கி விற்கும் தவர்ருக்கை அனுமதித்துவிட்டு, 2003-இல் வங்கிகள் நடத்தும் வடிவத்தைத் தடுத்ததற்கும் காரணம் இதுவே என்று நான் வாசிக்கிறேன். முதல் வகையில் சந்தை உண்டு, விலை அபாயம் உண்டு. இரண்டாவதில் அவை அகற்றப்பட்டுவிட்டன.

பொறுப்பை ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசிய நீதிமன்றப் பதிவுகளிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அது வெளிவந்தது. வங்கி ஒருவருக்கு வீட்டுக்காகக் கொடுத்த தொகை நான்கு லட்சம் ரிங்கிட்டுக்கும் குறைவு. 25 ஆண்டுத் தவணையில் வீட்டின் 'விற்பனை விலை' சுமார் 9.92 லட்சம் என்று ஒப்பந்தம். அவர் கட்டியது 33 ஆயிரத்துச் சொச்சம். தவணை தவறியதும் வங்கி மீதி 9.58 லட்சத்துக்கும் மேலாக ஒரே மூச்சில் கேட்டது. விற்பனை என்றால் விலை முழுவதும் கடன்தானே, அதன்படி கணக்கு சரி! வட்டி வங்கியாக இருந்திருந்தால் கழிந்த காலத்துக்கான வட்டியைத்தான் கேட்டிருக்கும். இன்னும் வராத இருபது ஆண்டுகளுக்கு வட்டி கேட்க முடியாது. கழியாத காலத்தின் லாபத்தைக் கோர முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2008-இல் அதே நீதிபதி இத்தகைய ஒப்பந்தங்களின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தினார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இது விற்பனை, கடனோடு ஒப்பிடக் கூடாது என்றது. பின்னர் இப்ரா எனப்படும் தள்ளுபடியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று பேங்க் நெகாரா கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. வட்டியிலிருந்து காப்பாற்ற வந்த ஒப்பந்தத்திடமிருந்து வாடிக்கையாளரைக் காப்பாற்ற இன்னொரு விதி தேவைப்பட்டது. ஒரு முதுநிலை மாணவர் இந்தத் தீர்ப்புகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். விற்றவர் என்ற பெயரில் வரும் முழு உரிமையையும் வங்கி எடுத்துக்கொண்டது. விற்பவர் சுமக்க வேண்டிய பொறுப்பை அது எங்கே சுமந்தது என்று தேட வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இது: மார்க்கத்தில் வடிவம் சாதாரணமானதல்ல, திருமணத்துக்கும் விபச்சாரத்துக்கும் இடையே இருப்பதும் சில சொற்களும் இரண்டு சாட்சிகளும்தானே. கேட்டவுடன் வாயடைக்க வைக்கும் வாதம்தான். ஆனால் நிக்காஹ் என்ற வடிவம் தன்னோடு எவ்வளவு சுமையைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். மஹர், மனைவியின் பராமரிப்பு, பிள்ளையின் வம்சம், வாரிசுரிமை, பிரிந்தால் இத்தா, இத்தனை பொறுப்புகளையும் அந்தச் சில சொற்கள் ஒருவர் தோளில் ஏற்றுகின்றன. அதனால்தான் அந்த வடிவத்துக்கு அவ்வளவு கண்ணியம். தவர்ருக்கின் வடிவம் யார் தோளிலும் எதையும் ஏற்றவில்லை. இதே வரிசையில் கைபரின் பேரீச்சம்பழ ஹதீஸையும் காட்டுவார்கள். மட்டமான பழத்தை இரண்டு மடங்கு கொடுத்து நல்ல பழத்தை நேரடியாக மாற்றாமல், மட்டமானதைக் காசுக்கு விற்று, அந்தக் காசில் நல்லதை வாங்கச் சொன்னார்கள் நபிகள் (ஸல்). முடிவு ஒன்று, வழி மட்டும் வேறு, ஆகவே வடிவம் போதும் என்பது வாதம். ஆனால் அங்கே பழத்தைச் சந்தையில் விற்பவர் என்ன விலை கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கட்டிவைக்கவில்லை. முதலில் வாங்கியவரிடமே நல்ல பழத்தை வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அங்கே யாரும் கூடுதல் கடனோடு வீடு திரும்பவில்லை.

அடுத்த எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. வங்கியில் பணம் போடுகிறவர் ஓய்வூதியக்காரரோ சிறு வியாபாரியோதான். நட்டத்தில் பங்கு என்றால் அவர் ஓடிவிடுவார், ஆகவே பங்காளி முறை ஏட்டுச் சுரைக்காய் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது என்பதை மலேசியாவே காட்டியது. 2013-இன் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம், முதலுக்கு உத்தரவாதம் உள்ள வைப்புத்தொகையையும் உத்தரவாதம் இல்லாத முதலீட்டுக் கணக்கையும் தெளிவாகப் பிரித்தது. முளாரபா என்று எழுதிவைத்துவிட்டு முதல் பத்திரம் என்று நம்பவைக்க முடியாது என்றானது. விளைவு, முளாரபா வைப்புகளில் கணிசமானவை தவர்ருக் அடிப்படையிலான வைப்புகளாக மாற்றப்பட்டன. இதைத் துறையின் தோல்வி என்று மட்டும் படிப்பது மேலோட்டமானது. முன்பு அந்தக் கணக்குகளில் பெயருக்குத்தான் பொறுப்பு இருந்தது என்பதையும் அது வெளிப்படுத்தியது. பாதுகாப்பாக வைக்க விரும்பும் பணத்துக்கு ஆதாயம் எதற்கு, ஆதாயம் தேடும் பணத்துக்கு எவ்வளவு அபாயம் நியாயம், சிறுசேமிப்பாளரின் அபாயத்தைப் பலரிடையே பரப்ப என்ன வழி என்றெல்லாம் கேட்பதற்குத்தான் முதுநிலை ஆய்வு இருக்கிறது. தகவல் சமமாக இல்லாத இடத்தில் தொழில்செய்பவர் லாபத்தை மறைப்பார் என்று பொருளியலாளர்கள் சொல்வதும் நியாயமான தடையே. அதற்குப் பதில் கண்காணிப்பு, கணக்குத் தணிக்கை, வாடகையும் கூட்டுடைமையும் கலந்த ஒப்பந்தங்கள் என்று தேடுவதாக இருக்க வேண்டும். ளமான் ஒரேயடியாக எல்லாவற்றையும் முளாரபாவாக்கச் சொல்லவில்லை. வங்கி தன் பெயரில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டு, அதன் பெரிய பழுதுக்குத் தானே செலவு செய்தாலும் அது பொறுப்பு ஏற்றதுதான்.

இன்னொரு எதிர்ப்பு வேர்வரை போகிறது. வங்கி வட்டியே ரிபா இல்லை, ஏழையின் கடனை இரட்டிப்பாக்கிக்கொண்டே போன அன்றைய கொடுமைதான் தடுக்கப்பட்டது என்று பாகிஸ்தானிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் 1960-களில் வாதிட்டார். அல்-அஸ்ஹரின் ஆய்வுக் கழகமும் 2002-இல், வங்கியில் முதலீடாகப் போடும் பணத்துக்கு முன்கூட்டியே நிர்ணயித்த ஆதாயம் கூடும் என்றது. பெரும்பான்மை உலமா இதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் பாமாயில் ஏற்பாட்டைச் சரி என்பவர்கள் இந்த வாதத்துக்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளைவு ஒன்றேதான் என்றால், நேரடியாக வட்டி வாங்குபவரைக் குறைசொல்ல அவர்களிடம் என்ன இருக்கிறது? இந்தத் துறை தரகுச் செலவைக் கூட்டிச் சட்ட வடிவத்தை விற்கிறது என்று பொருளியலாளர் மஹ்மூத் எல்-கமால் 2006-இல் வெளியான தன் நூலில் வைத்த விமர்சனமும், இன்னொரு பொருளியலாளரான திமூர் குரானின் கடுமையான விமர்சனமும் வகுப்பறையில் முழுமையாகப் படிக்கப்பட வேண்டியவை. எதிரியின் நூல் என்று ஒதுக்குகிற பாடத்திட்டம் மாணவரை நிராயுதபாணியாக வெளியே அனுப்புகிறது.

ஷரீஆ அறிஞர்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு மாணவர் யார் கேட்பதற்கு என்ற தயக்கமும் உண்டு. பணிவு நல்லது. ஆனால் எந்த அறிஞருக்குப் பணிவது? ஷார்ஜா அகாடமி தடுத்ததை மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைக் குழு அனுமதிக்கிறது. பஹ்ரைனில் இயங்கும் தரநிர்ணய அமைப்பான ஆவோஃபி நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அறிஞர்களே தங்கள் துறையைத் திருத்தியும் இருக்கிறார்கள். ஆவோஃபியின் ஷரீஆ குழுத் தலைவராக இருந்த முஃப்தி தகீ உஸ்மானி 2007-இல், சந்தையில் உள்ள சுகூக் எனும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களில் பெரும்பாலானவை ஷரீஆவுக்கு உகந்தவை அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் சுட்டிக்காட்டிய முக்கியமான குறை, முஷாரகா, முளாரபா சுகூக்குகளில் சொத்தின் மதிப்பு என்னவானாலும் முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொள்வதாக வெளியிட்டவர் கொடுக்கும் வாக்குறுதி. முதல் போட்டவருக்கு நட்டமே வராதபடி செய்யும் வாக்குறுதி அது. 2008 தொடக்கத்தில் ஆவோஃபி அதைத் தடுத்துத் தீர்மானம் வெளியிட்டது. ஒன்பதாண்டு கழித்து ஐக்கிய அரபு அமீரகத்தின் டானா கேஸ் நிறுவனம், தான் வெளியிட்ட 70 கோடி டாலர் முளாரபா சுகூக் ஷரீஆவுக்கு ஒவ்வாதது, ஆகவே அந்நாட்டுச் சட்டப்படி செல்லாது என்று தானே அறிவித்தது. லண்டன் உயர் நீதிமன்றம் 2017 நவம்பரில், திரும்ப வாங்கும் வாக்குறுதி ஆங்கிலச் சட்டப்படி செல்லும் என்றது. கடனைத் தள்ளிப்போட மார்க்கத்தை ஒரு நிறுவனம் பிடித்துக்கொள்ள முடிந்தது என்றால், பத்திரத்தில் அந்த ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்தது என்றுதான் பொருள்.

வேலை கிடைக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் வட்டியில்லா வங்கிச் சேவையை ரகுராம் ராஜன் குழு 2008-இல் பரிந்துரைத்தும், ரிசர்வ் வங்கி 2017-இல் அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவெடுத்தது. இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி இயங்குகிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர் பெரும்பாலும் வளைகுடாவையோ கோலாலம்பூரையோதான் நம்ப வேண்டும். அங்கே வங்கிக்கு வேண்டியது ஒப்பந்தத்தைப் பிழையில்லாமல் எழுதுபவர், அதற்குத்தான் சம்பளம் என்பதும் மெய். பொறுப்பின் கேள்வியைக் கற்றவர் அதைப் பிழையில்லாமல் எழுத மாட்டாரா என்ன? டானா கேஸ் பத்திரத்தில் இருந்தது போன்ற ஓட்டையை, பத்திரம் வெளிவருவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான். அவர் எழுத வேண்டிய தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாவது இப்படி இருக்கட்டும்: பத்து ஒப்பந்தங்களைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பொருள் இன்று இரவு எரிந்துபோனால் நட்டம் யாருடையது, அந்த நட்டத்தை வேறொருவர் மேல் தள்ளிவிடும் வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவரைக் குறிக்கச் சொல்ல வேண்டும்.